மதுரை மாநகராட்சி பள்ளிக்கூடங்க: நீங்க கண்ணால பாத்த நல்லதை இங்க எழுதுங்க

#1 சிம்மக்கல்காரன் (15 செப்டம்பர் 2025, காலை)

எல்லாருக்கும் வணக்கம். இன்னைக்கு அண்ணா பிறந்த நாள். மூணு வருசத்துக்கு முன்னாடி 2022ல இதே நாள் காலைல எங்க ஏரியாவுல ஒரே பரபரப்பு, தெருவெல்லாம் தடுப்புக்கட்டை, ஆதிமூலம் மாநகராட்சி தொடக்கப்பள்ளிக்கு முதல்வர் ஸ்டாலின் வந்து காலை உணவுத் திட்டத்தை தொடங்கி வச்சுட்டு புள்ளைங்களோட உக்காந்து சாப்ட்டாரு. அன்னைக்கு மாநிலம் பூராவும் சேத்து 1,545 ஸ்கூல், 1,14,095 புள்ளைங்க. அடுத்த வருசம் 2023 ஆகஸ்ட் 25ல திருக்குவளைல வச்சு எல்லா அரசு தொடக்கப்பள்ளிக்கும்னு ஆச்சு. போன மாசம் 26ந் தேதி மயிலாப்பூர்ல தொடங்கி டவுன்ல இருக்க எய்டட் (அரசு உதவி வாங்குற தனியார்) ஸ்கூலுக்கும் வந்துருச்சு. இப்ப 20 லட்சம் புள்ளைங்களுக்கு மேல காலைல சாப்பிடுது. இம்புட்டுக்கும் முதல் தட்டு வச்சது நம்ம ஊர்ல, எங்க தெருவுல இருந்து கூப்பிடு தூரத்துல.

இழை எதுக்கு ஆரம்பிச்சேன்னா, வருசா வருசம் மே மாசம் ரிசல்ட் வந்த மறுநாள் முக்குக்கு முக்கு ஃப்ளெக்ஸ் வைக்கிறோம், முதல் மூணு மார்க் எடுத்த புள்ளைங்க போட்டோ பெருசா. அந்தப் புள்ளைங்க உழைப்புக்கு அது கண்டிப்பா வேணும், நான் அதை குறை சொல்ல வரல. ஆனா ரெண்டாப்பு படிக்கிற ஒரு புள்ள திங்கக்கிழமை காலைல வயிறு நெறஞ்சு கிளாஸ்ல உக்காந்துருக்குன்னு யாரும் ஃப்ளெக்ஸ் வைக்கிறதில்ல. அதுவும் சாதனைதான், அதுக்கு பின்னாடி எத்தனை பேர் விடியாம எந்திரிச்சிருக்காங்க. அதனால மாநகராட்சி பள்ளிக்கூடம், பால்வாடி, புள்ளைங்க ஆஸ்பத்திரி எதுவா இருந்தாலும் பரவால்ல, நீங்க நேர்ல பாத்த நல்லதை எழுதுங்க. பேப்பர்ல படிச்சது வேணாம், கண்ணால பாத்தது.

#2 மல்லிகைப்பூ

அண்ணே நான் இங்க படிக்க மட்டும்தான் வருவேன், எழுதுனதில்ல, தப்பு இருந்தா பொறுத்துக்கங்க. எனக்கு பூ யாவாரம். ராத்திரி ரெண்டரை மூணு மணிக்கு மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் போனாத்தான் மல்லி நல்ல மல்லியா கிடைக்கும், வாங்கி கட்டி கோயில் பக்கம் குடுத்துட்டு வீட்டுக்கு வர ஒம்பது ஆயிரும். வீட்டுக்காரரு லோடு ஏத்தப் போயிருவாரு. மூத்தவதான் தம்பிக்கு தலை சீவி விட்டு கூட்டிட்டுப் போவா, அவளுக்கே அப்ப எட்டு வயசு. கையில பத்து ரூபா குடுத்துட்டுப் போவேன் பன்னு வாங்கி ரெண்டு பேரும் பிச்சுக்கங்கன்னு. பாதி நாள் அவ தம்பிக்கு முழுசையும் குடுத்துட்டு தண்ணி குடிச்சுட்டுப் போயிருக்கா, அது எனக்கு ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரியும், பதினொரு மணிக்கெல்லாம் தலை சுத்துதுன்னு டெஸ்க்ல படுத்துக்குவாளாம், டீச்சர் கூப்பிட்டு சொன்னப்ப எனக்கு அடிவயிறு பிசைஞ்சுருச்சு.

இப்ப ரெண்டும் எட்டு மணிக்கே ஓடிருதுக. தட்டு கழுவுற குழா கிட்ட வரிசைல நின்னு, சின்னவன் தட்டை தலைல கவுத்துக்கிட்டு நிப்பான் தொப்பி மாதிரி. நான் ஒருநாள் யாவாரம் சீக்கிரம் முடிஞ்சுருச்சுன்னு கேட்டு வழியா எட்டிப் பாத்தேன், கிச்சடில கேரட்டை மட்டும் பொறுக்கி அக்கா தட்டுல போட்டான், அவ அவன் வாயிலயே திருப்பி ஊட்டி விட்டா. நான் உள்ள போகல, அங்கயே நின்னு பாத்துட்டு வந்துட்டேன். இதை யார்ட்ட சொல்றதுன்னு தெரியாம இருந்துச்சு, நீங்க கேட்டீங்க சொல்லிட்டேன்.

#3 தெப்பக்குளம்

மல்லிகைப்பூ, தாயி, நீ எழுதுனதுல தப்பெல்லாம் ஒண்ணும் இல்ல, இன்னும் எழுது.

சிம்மக்கல் தம்பி சொன்ன தேதியைப் பாத்ததும் எனக்கு ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. எம்ஜிஆர் சத்துணவு 1982 ஜூலை 1ல கிராமத்துல தொடங்குனாரு, டவுனுக்கு வந்தது அதே வருசம் செப்டம்பர் 15. இதே தேதி! எனக்கு அப்ப நாலாப்பு. அலுமினியத் தட்டு, ஓரத்துல ஆணியால என் இனிஷியல் கீறி வச்சிருப்பேன், மாறிப் போயிரக்கூடாதுன்னு. முதல் நாள் பருப்பு சாதம் போட்டாங்க, சாப்பிட்டுட்டு வீட்டுக்கு ஓடிப்போய் எங்க ஆத்தாகிட்ட இனிமே எனக்கு மதியம் வைக்க வேணாம்னு சொன்னேன், அது முந்தானையால மூஞ்சியைத் தொடச்சுக்கிட்டு போயிருச்சு. அதோட அர்த்தம் எனக்கு கல்யாணம் ஆகி புள்ள பெத்தப்புறம்தான் தெரிஞ்சுச்சு.

இதுக்கும் முன்னாடி 1920லயே நீதிக்கட்சி காலத்துல பிட்டி தியாகராயர் சென்னை ஆயிரம் விளக்கு மாநகராட்சி பள்ளில மதியச் சோறு போட்டாரு, அப்புறம் 50கள்ல காமராஜர் மாநிலம் பூரா கொண்டு வந்தாரு. கட்சி மாறி கட்சி வந்தாலும் தட்டை யாரும் பிடுங்கல பாருங்க, ஒவ்வொருத்தரும் தன் பங்குக்கு ஒரு கரண்டி சேத்துத்தான் போட்டிருக்காங்க. முட்டை வந்தது அப்படித்தான், இப்ப காலைச் சாப்பாடு வந்ததும் அப்படித்தான். நம்ம நாட்டுல வேற எந்த விசயத்துல இப்படி நடந்துச்சுன்னு எனக்கு யோசிச்சாலும் தெரியல.

#4 ஆரப்பாளையத்தான்

எல்லாம் சரிதான், நல்ல விசயம்தான், ஆனா நான் ஒண்ணு கேக்குறேன் கோவிச்சுக்காதீங்க. சோறு போட்டா படிப்பு வந்துருமா? என் அக்கா மகன் நாலாப்பு, எந்த ஸ்கூல்னு சொல்ல விரும்பல, தமிழ் பாடத்துல ஒரு பத்தி வாசிக்க சொன்னா எழுத்துக் கூட்டிக் கூட்டி நிக்கிறான். பாத்ரூம் நாத்தம் தாங்காம தண்ணியே குடிக்காம இருந்துட்டு வர்றான். ஒரு வருசம் பாதி நாள் ரெண்டு கிளாஸுக்கு ஒரே டீச்சர். இதையெல்லாம் விட்டுட்டு கொண்டாட்டம் மட்டும் போட்டா எப்படி? கடன் வாங்கியாச்சும் பிரைவேட்ல சேக்கலாமான்னு அக்கா அழுகுது.

#5 மூணாப்பு டீச்சர்

ஆரப்பாளையம் சார், உங்க கேள்வி நியாயமான கேள்வி. நான் மாநகராட்சி தொடக்கப்பள்ளில டீச்சர், 19 வருசம் ஆச்சு. ஆள் பத்தாக்குறை இருந்த வருசமும் பாத்திருக்கேன், ரெண்டு வகுப்பை ஒண்ணா வச்சு ஓட்டுனதும் உண்டு, மறைக்கிறதுக்கு இல்ல.

வாசிப்பு பத்தி சொல்றேன். கொரோனாவுல ஒண்ணரை வருசம் ஸ்கூல் பூட்டிக் கிடந்துச்சா, அந்தப் புள்ளைங்க ரெண்டாப்பு மூணாப்புக்கு வந்தப்ப 'அ' கூட தெரியாம வந்துச்சுங்க. 2022ல 'எண்ணும் எழுத்தும்'ங்கிற திட்டம் வந்துச்சு, முதல்ல ஒண்ணுல இருந்து மூணு வரைக்கும், மறு வருசம் நாலு அஞ்சுக்கும். அதுல புள்ளைங்களை அரும்பு, மொட்டு, மலர்னு மூணு படியா பிரிச்சு உக்கார வச்சு அவங்க அவங்க நிலைக்கு ஏத்த மாதிரி நடத்தணும். ஆரம்பத்துல எங்களுக்கே மலைப்பா இருந்துச்சு, அட்டை வெட்டி வெட்டி கை கொப்புளம். ஆனா அதுல ஒரு நல்லது என்னன்னா மூணாப்பு புள்ள எழுத்தே தெரியலன்னா அது அரும்புல உக்காந்து எழுத்துல இருந்து ஆரம்பிக்கலாம், வெக்கப்பட வேணாம். முன்னாடி பாடத்தை முடிக்கணும்னு நாங்க பாட்டுக்கு ஓடுவோம், அது பாட்டுக்கு பின்னாடி உக்காந்துருக்கும். உங்க அக்கா பையன் எந்த படில இருக்கான்னு வகுப்பு டீச்சர்ட்ட நேரா கேக்கச் சொல்லுங்க, கேக்குறதுக்கு உரிமை இருக்கு. பள்ளி மேலாண்மைக் குழு கூட்டத்துல பாத்ரூம் விசயத்தை எழுத்துல குடுக்கச் சொல்லுங்க, அந்தக் குழுவுல பெற்றோர்தான் அதிகம், தலைவரும் பெற்றோர்தான்.

இன்னொண்ணு நான் கண்ணால பாத்தது. என் கிளாஸ்ல ஒரு பையன், போர்டுல எழுதிப் போட்டா எழுதவே மாட்டான், பக்கத்துல இருக்கவன் நோட்டைப் பாத்துத்தான் எழுதுவான். காப்பி அடிக்கிறான்னு நானே ரெண்டு தடவை சத்தம் போட்டிருக்கேன், இன்னைக்கும் நினைச்சா மனசு கேக்க மாட்டேங்குது. ஒருநாள் ஸ்கூல் ஹெல்த் டீம் வேன்ல வந்தாங்க, டாக்டரம்மா, நர்ஸு எல்லாரும், வரிசையா நிக்க வச்சு எடை, உயரம், பல்லு, கண்ணு, நெஞ்சுல ஸ்டெத் வச்சுப் பாத்தாங்க. இவனை எழுத்து சார்ட் முன்னாடி நிக்க வச்சா மேல இருக்க பெரிய எழுத்தே தெரியல. பெரியாஸ்பத்திரிக்கு சீட்டு எழுதிக் குடுத்து, அங்க பவர் பாத்து, காசு வாங்காம கண்ணாடி வந்துச்சு. போட்டுக்கிட்ட அன்னைக்கு இண்டர்வெல்ல கேட்டு கிட்ட நின்னுக்கிட்டு ரோட்டுல போற டவுன் பஸ் போர்டை எல்லாம் கத்திக் கத்தி வாசிச்சான், 'பெரியார்! மாட்டுத்தாவணி! திருப்பரங்குன்றம்!'னு. வாசிக்கத் தெரியாத பையன்னு நான் நினைச்சுக்கிட்டு இருந்தேன் சார். அவனுக்கு வாசிக்கத் தெரியும், போர்டுதான் தெரியல.

#6 கீழவாசல்

டீச்சர், படிச்சுட்டு கண்ணு கலங்கிருச்சு.

#7 எய்டட் வாத்தியார்

நான் டவுனுக்குள்ள ஒரு எய்டட் ஸ்கூல்ல வேலை பாக்குறேன். பேர் வேணாம். எங்க கேட்டுக்கு எதிர்ல மாநகராட்சி ஸ்கூல். மூணு வருசமா காலைல எட்டேகால் மணிக்கு அங்க சாம்பார் வாசம் வரும், எங்க புள்ளைங்க கம்பியைப் புடிச்சுக்கிட்டு பாக்கும். ஒரே தெரு, ஒரே வீட்டுல ஒண்ணு அங்க படிக்கும் ஒண்ணு இங்க படிக்கும். ரெண்டுமே ஏழைப்பட்ட வீட்டுப் புள்ளைங்கதான். எய்டட்னா என்னமோ வசதியானவங்க ஸ்கூல்னு வெளிய நினைப்பு இருக்கு, வந்து பாத்தாத்தான் தெரியும். கிராமத்து எய்டட் ஸ்கூலுக்கு 2024 ஜூலைலயே வந்துருச்சு, நாங்க இன்னும் ஒரு வருசத்துக்கு மேல காத்துக்கிட்டு இருந்தோம்.

எங்க ஸ்கூல்ல முதல் நாள் தட்டு வந்து இறங்குனப்ப ஒண்ணாப்பு பொண்ணு ஒண்ணு என் கையைப் புடிச்சு 'சார் இது எங்களுக்கா, அவங்களுக்கா'ன்னு கேட்டுச்சு. உங்களுக்குத்தான் பாப்பான்னு சொல்றதுக்குள்ள எனக்கு தொண்டை அடைச்சுருச்சு. இன்னைக்கு காலைல பொங்கல் சாம்பார். முன்னாடி திங்கக்கிழமைன்னா அரிசி உப்புமா இருந்துச்சாம், அதை பொங்கலா மாத்திட்டாங்க, புள்ளைங்க ரெண்டாவது தடவை கேட்டு வாங்குதுக.

#8 சமையக்கூடத்து அக்கா

என் மகன் போன்ல இதைக் காமிச்சான், நான் சொல்லச் சொல்ல அவன் அடிக்கிறான். நான் மகளிர் குழுல இருக்கேன், காலைச் சாப்பாடு சமைக்கிற வேலை. எங்களைப் பத்தி ஒருத்தர் எழுதுனதை இப்பத்தான் பாக்குறேன்.

மூணரைக்கு எந்திரிப்பேன். முதல்ல சாம்பாருக்கு பருப்பு வேக வைக்கணும், புள்ளைக்கு 15 கிராம் கணக்கு, ரவையோ அரிசியோ சேமியாவோ 50 கிராம் கணக்கு. தராசுல நிறுத்துத்தான் போடணும், கைக்கணக்கு கிடையாது. அதுக்குள்ள ரெண்டு பேர் காய் நறுக்கிருவாங்க. ரவை கிளறுறதுதான் கஷ்டம், வீட்டுல நாலு பேருக்கு கிளறுனா வேற, நூத்துக்கணக்குல கிளறுனா தோள்பட்டை இறங்கிரும், கொஞ்சம் அசந்தா கட்டி விழுந்துரும், கட்டி விழுந்தா புள்ளைங்க துப்பிரும். நான் என்ன செய்வேன்னா தண்ணி கொதிக்கிறப்ப ஒருத்தி தூவணும் ஒருத்தி விடாம கிண்டணும், தூவுற கை நிக்கக்கூடாது, கிண்டுற கையும் நிக்கக்கூடாது. வண்டி வந்தா மூடி போட்டு ஏத்திவிடணும், கிளம்புன டைம், ஸ்கூலுக்குப் போன டைம் எல்லாம் ஆப்ல ஏத்துறாங்க. எட்டேகால்ல இருந்து எட்டு அம்பதுக்குள்ள புள்ள சாப்பிட்டு முடிக்கணும். பரிமாறுறதுக்கு முன்னாடி அங்க ஒருத்தர் ருசி பாத்துட்டுத்தான் போடுவாங்க.

மழை நாள்ல, வீட்டுல எழவு விழுந்த நாள்ல கூட வந்திருக்கோம். எங்க குழுல ஒருத்திக்கு மாமியார் தவறிருச்சு, அவ வேலையை நாங்க பகுந்துக்கிட்டோம். ஒரு நாள் கூட தட்டு காலியா இருந்ததில்ல. இதை நான் பெருமையா சொல்லிக்குவேன்.

குறையும் ஒண்ணு சொல்றேன், பாத்திரம் விளக்குற இடத்துல லைட்டு எரியாம மாசக்கணக்கு ஆச்சு, விடியக்காலைல செல்போன் வெளிச்சத்துல விளக்குறோம். சொல்லிட்டோம், இன்னும் வரல.

#9 சிம்மக்கல்காரன்

அக்கா, உங்களுக்கு ஒரு பெரிய கும்பிடு. நான் இழை ஆரம்பிச்சதுக்கு உங்க பதிவு ஒண்ணு போதும். லைட்டு எந்த இடம்னு தனிச்செய்தில சொல்லுங்க, நம்ம வார்டு கவுன்சிலர்ட்ட நானே எழுதிக் குடுக்குறேன், நாலு நாள்ல வரலன்னா ட்யூப் லைட் வாங்கி மாட்டிறலாம், எனக்கு எலக்ட்ரீசியன் தெரியும்.

ஆரப்பாளையம் அண்ணே, சோறு போட்டா படிப்பு வருமான்னு கேட்டீங்க. சோறு போட்டா புள்ள முதல்ல ஸ்கூலுக்கு வருதுண்ணே, அதுதான் ஆரம்பம். மாநில திட்டக்குழு 2023ல முதல் கட்ட ஸ்கூல்கள்ல 1,543ஐ எடுத்துப் பாத்ததுல 1,319 ஸ்கூல்ல வருகை கூடியிருந்துச்சு. வராத புள்ளைக்கு எந்த டீச்சர் வந்தும் எதுவும் நடத்த முடியாதுல்ல.

எங்க வீட்டுக் கதையும் ஒண்ணு இருக்கு. என் தங்கச்சி மக, ஆறாப்புல இருந்து ப்ளஸ் டூ வரைக்கும் மாநகராட்சி பெண்கள் பள்ளி. தங்கச்சி மாப்ள தவறி ஏழு வருசம் ஆச்சு, தங்கச்சி தையல். அரசுப் பள்ளில படிச்ச புள்ளைங்களுக்கு 7.5 சதவீத இட ஒதுக்கீடு இருக்குல்ல, 2020ல மெடிக்கலுக்கு வந்துச்சு, மறு வருசம் இஞ்சினியரிங், அக்ரி, வெட்னரி எல்லாத்துக்கும் வந்துச்சு. அதுல இஞ்சினியரிங் சீட் கிடைச்சுச்சு. ஃபீஸ் கட்டணும்னு தங்கச்சி ரெண்டு பவுன் செயினை அடகு வைக்க எடுத்து வச்சிருந்தா, காலேஜ் ஆபீஸ்ல 'அம்மா நீங்க கட்ட வேண்டியது ஒண்ணும் இல்ல, ஹாஸ்டலும் கவர்மெண்ட் கட்டும்'னு சொன்னப்ப அவ நம்பல, ரசீது இருக்கான்னு மூணு தடவை கேட்டா. செயின் திரும்ப பீரோவுக்கே போயிருச்சு. போதாததுக்கு புதுமைப் பெண் திட்டத்துல மாசம் ஆயிரம் அவ அக்கவுண்டுலயே விழுகுது, முதல் மாசக் காசுல அம்மாவுக்கு தையல் மெஷின் மோட்டாருக்கு அட்வான்ஸ் குடுத்துட்டு வந்தா.

இன்னொரு விசயம், நம்ம மாநகராட்சி பொம்பளப் புள்ளைங்க ஸ்கூல் பேரெல்லாம் கவனிச்சிருக்கீங்களா? வெள்ளிவீதியார், பொன்முடியார், காக்கைப்பாடினியார், ஔவை. எல்லாம் சங்க காலத்துப் பொம்பளப் புலவருங்க. இந்தியாவுல வேற எந்த ஊர்ல முனிசிபாலிட்டி ஸ்கூலுக்கு ரெண்டாயிரம் வருசத்துக்கு முன்னாடி பாட்டு எழுதுன பொம்பளைங்க பேரை வரிசையா வச்சிருக்கான்னு எனக்குச் சொல்லுங்க. HCL ஆரம்பிச்ச சிவ் நாடார் கூட நம்ம இளங்கோ மாநகராட்சி பள்ளில படிச்சவருதான்.

#10 புதூர் வாசகி

கலைஞர் நூற்றாண்டு நூலகத்தை விட்டுட்டீங்களே! புது நத்தம் ரோட்டுல 2023 ஜூலை 15, காமராஜர் பிறந்த நாளன்னைக்கு திறந்தாங்க, சிவ் நாடாரும் அன்னைக்கு வந்திருந்தாரு. ரெண்டு லட்சம் சதுர அடிக்கு மேல, குழந்தைகளுக்குன்னே தனியா ஒரு பெரிய பகுதி. நான் பக்கத்துலதான் இருக்கேன், லீவு நாள்ல போய் பாருங்க, புள்ளைங்க தரையில குப்புறப் படுத்துக்கிட்டு படிக்குது, யாரும் எந்திரின்னு சொல்றதில்ல. சாதா டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்லாததால அம்மாமாருங்க மகள்களைக் கூட்டிட்டு செல்லூர்ல இருந்து, வில்லாபுரத்துல இருந்தெல்லாம் வந்துருதுக. ஏசி, தண்ணி, புக்கு எல்லாம் காசில்லாம. எங்க வீட்டு வேலைக்கு வர்ற அக்கா மக ஞாயித்துக்கிழமை பூரா அங்கதான், 'வீட்டுல ஃபேன் இல்ல அத்தை, அங்க உக்காந்தா வீட்டுப்பாடம் சீக்கிரம் முடியுது'ன்னு சொல்லுச்சு.

அப்புறம் கொடிக்குளம் ஆயி பூரணம் அம்மா. அது மாநகராட்சி எல்லைல வராதுன்னு தெரியும், ஒத்தக்கடைப் பக்கம், இருந்தாலும் அவங்க பேரை எழுதாம விட எனக்கு மனசில்ல. பேங்க்ல வேலை, மக ஜனனி இறந்து போச்சு. அந்த மக நினைவா 1 ஏக்கர் 52 சென்ட் நிலத்தை, கோடிக்கணக்குல போற நிலத்தை, அந்த ஊர் நடுநிலைப் பள்ளியை உயர்நிலைப் பள்ளியா ஆக்குறதுக்கு 2024 ஜனவரில தானமா எழுதி வச்சுட்டாங்க. யாருக்கும் சொல்லாமத்தான் பத்திரம் பதிஞ்சாங்க, அப்புறம்தான் ஊருக்கே தெரிஞ்சுச்சு. அந்தக் குடியரசு தினத்துக்கு முதல்வர் கையால விருது குடுத்தாங்க.

#11 ஆரப்பாளையத்தான்

டீச்சர் சொன்னதைக் கேட்டு அக்காகிட்ட போன்ல பேசுனேன். பையன் ராத்திரி டிவியை கிட்டப் போய் நின்னுதான் பாப்பானாம், நாங்க யாரும் அதை யோசிக்கல. கண்ணை பாத்துருவோம் முதல்ல. பாத்ரூம் விசயம் எழுத்துல குடுக்கப் போறோம், அக்காவோட இன்னும் அஞ்சாறு அம்மாங்க கையெழுத்து போடுறேன்னு சொல்லிருக்காங்க. நான் சொன்ன குறை எதையும் வாபஸ் வாங்கல, அது அப்படியேதான் இருக்கு. ஆனா பிரைவேட்டுக்கு கடன் வாங்குறதை இப்போதைக்கு நிறுத்தி வச்சிருக்கோம்.

சமையக்கூடத்து அக்கா, நீங்க சமைச்சு என் மருமகன் சாப்ட்டிருக்கலாம். நன்றிக்கா.

#12 மூணாப்பு டீச்சர்

ஆரப்பாளையம் சார், வகுப்பு டீச்சர்கிட்ட சொன்னா ஹெல்த் டீம் அடுத்து எப்ப வருவாங்கன்னு சொல்லுவாங்க, அது வரைக்கும் காத்திருக்க வேணாம்னா நேரா பெரியாஸ்பத்திரி கண்ணு ஓபிக்கு காலைல சீக்கிரமா கூட்டிட்டுப் போங்க. அது வரைக்கும் பையனை முதல் பெஞ்சுல உக்கார வைக்கச் சொல்லுங்க, மறந்துராதீங்க.

#13 தெப்பக்குளம்

வாசிப்பு குறையா இருக்க புள்ளைங்களுக்கு சனிக்கிழமை நான் வர்றேன், எனக்கு ரிட்டயர் ஆகி வேலை ஒண்ணும் இல்ல. புதூர் வாசகிம்மா, நூலகத்துல குழந்தைங்க பகுதில உக்காந்து சத்தமா வாசிச்சுக் காட்ட விடுவாங்களான்னு கேட்டுச் சொல்லு.

#14 புதூர் வாசகி

கேட்டுட்டு நாளைக்குச் சொல்றேன் அண்ணே. நானும் வர்றேன்.

#15 மல்லிகைப்பூ

சனிக்கிழமை எங்க புள்ளைங்களையும் அனுப்பலாமா? மூத்தவ நல்லா வாசிப்பா, சின்னவனுக்குத்தான் இன்னும் 'ழ' வர மாட்டேங்குது. யாவாரம் முடிச்சுட்டு நானே கூட்டிட்டு வர்றேன், பத்து மணி ஆயிரும், பரவால்லையா?

#16 தெப்பக்குளம்

வா தாயி. பத்து மணிக்கு வாசல்லயே நிப்பேன்.